மண், சிவப்பு, பொட்டலம் ஒன்று: கடற்கரைப் பங்கு ஒன்றில் ஒரு படைவீரரின் குடும்பம்

இந்த ஆய்வில் வரும் குடும்பம் மண்டபத்துக்கும் கீழக்கரைக்கும் இடைப்பட்ட மன்னார் வளைகுடாக் கரையில் உள்ள ஒரு மீனவ ஊரைச் சேர்ந்தது. குடும்பத்தாரின் சம்மதத்துடன் எழுதுகிறேன் என்றாலும் ஊரின் பெயரையும் ஆட்களின் பெயர்களையும் படைப்பிரிவின் பெயரையும் தவிர்த்திருக்கிறேன். நான் இராணுவத்தில் எழுத்தராகப் பதினேழு ஆண்டுகள் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவன். இப்போது அதே ஊரின் பங்கில், அதாவது அங்குள்ள கத்தோலிக்கக் கோயிலைச் சேர்ந்த சமூகத்தில், பங்குப் பேரவையின் உறுப்பினராக இருக்கிறேன். ஒரு படைவீரர் இறந்தால் அலுவலகத்தில் எந்தக் காகிதம் எந்த மேசைக்குப் போகும் என்பதை அறிந்தவன் என்பதால், இந்தக் குடும்பத்தின் காரியங்களைப் பார்த்துக்கொள்ளும்படி பங்குத்தந்தை என்னிடம் சொன்னார். மூன்று ஆண்டுகள் அந்த வீட்டுக்குப் போய்வந்ததில் கண்டதையும், பங்கு செய்த நன்மையையும், பங்கு செய்த தவறுகளையும் சேர்த்தே இங்கே வைக்கிறேன்.

இறந்தவர் முப்பத்தொரு வயது லான்ஸ் நாயக். தந்தை நாட்டுப்படகில் கடலுக்குப் போகிறவர். தாயார் தீவுகளையொட்டிய ஆழமற்ற நீரில் மூழ்கி மரிக்கொழுந்துப் பாசி எடுப்பவர். பாறையில் கிழியாமல் இருக்க விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, நாள் முழுவதும் உப்புத் தண்ணீரில் கிடந்து சம்பாதித்த பணத்தில்தான் மகனை மேல்நிலைப் பள்ளி வரை படிக்க வைத்தார். மனைவி பக்கத்துப் பங்கைச் சேர்ந்த பட்டதாரி. ஒரே மகளுக்கு அப்போது ஐந்து வயது.

செய்தியும் அடக்கமும்

ஒரு தை மாதக் கடைசியில், மாலை ஜெபத்துக்கு மணி அடிக்கும் நேரத்தில், மனைவியின் கைப்பேசிக்கு அழைப்பு வந்தது. மறுமுனையில் இருந்தவர் இந்தியில் பேசினார். இவருக்கு விளங்கியது 'ஆக்ஸிடென்ட்' என்ற ஒரே சொல்தான். வடக்கு எல்லையில், பணிநிமித்தம் சென்ற வண்டி மலைச்சாலையிலிருந்து சரிந்து விழுந்ததில் அவர் இறந்துவிட்டார் என்பதை, அவருடைய பிரிவிலிருந்த ஒரு தமிழ் வீரர் அரை மணி நேரம் கழித்து அழைத்துச் சொன்ன பிறகே வீடு அறிந்தது.

உடல் மூன்றாம் நாள் மதுரை விமான நிலையத்துக்கு வந்து, பரமக்குடி வழியாகச் சாலை மார்க்கமாக ஊருக்குக் கொண்டுவரப்பட்டது. பெட்டி மூடி முத்திரையிடப்பட்டிருந்தது. திறக்க வேண்டாம் என்று உடன் வந்த அதிகாரி தாழ்ந்த குரலில் கேட்டுக்கொண்டார். சாவு எங்கள் கரைக்குப் புதிது அன்று. கடலில் போனவரின் உடல் கிடைக்காமலே போவதும் உண்டு; அப்படிப்பட்டவருக்கு வெறுங்குழியில் சிலுவை நட்டு ஜெபிக்கவும் எங்கள் மக்களுக்குத் தெரியும். உடல் கண்முன் இருந்தும் முகம் பார்க்க முடியாத சாவைத்தான் அவர்கள் அதுவரை பார்த்ததில்லை. தந்தை என் தோளைப் பிடித்துக்கொண்டு, "கடல்ல போயிருந்தா கரை ஒதுங்குவானான்னு பார்த்துக்கிட்டாவது இருந்திருப்பேன் தம்பி, இவன் வந்தும் வராதவனா கெடக்கானே" என்று சொன்னது இன்றும் என் காதில் இருக்கிறது.

கோயில் முற்றத்துப் பூவரச மரத்தடியில் அதிகாரியும் பங்குத்தந்தையும் நானும் பத்து நிமிடம் பேசிச் சடங்கின் வரிசையை முடிவு செய்தோம். இந்தப் பத்து நிமிடத்தை எந்தப் பங்கும் முன்கூட்டியே ஒதுக்கிக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் கூட்டத்தின் நடுவில் இரு தரப்பும் ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டிப் பேசும் நிலை வரும். தேசியக் கொடி காவி நிறம் தலைப்பக்கமாக இருக்கும்படி போர்த்தப்படும். அதன் மேல் வேறு எதையும் வைக்க வேண்டாம் என்று அதிகாரி கேட்டுக்கொண்டார். ஆகவே சிலுவையையும் திருவிவிலியத்தையும் பெட்டியின் மேல் வைக்காமல் அருகில் சிறு மேசை போட்டு வைத்தோம். மலர்வளையங்களைத் தரையில் சாய்த்து வைத்தோம். திருப்பலி முடியும் வரை கொடி அப்படியே இருந்தது. கல்லறைத் தோட்டத்தில் வீரர்கள் வானை நோக்கிச் சுட்டு, எக்காளம் ஊதி மரியாதை செலுத்திய பிறகு கொடியை மடித்து மனைவியிடம் கொடுத்தார்கள். கொடி குழிக்குள் இறங்கக் கூடாது என்பது விதி. அதன் பின்னரே பங்குத்தந்தை குழியை மந்திரித்து, மண் போடும் ஜெபத்தைச் சொன்னார்.

எல்லாம் ஒழுங்காக நடந்தது என்றே அன்றைக்கு நினைத்தேன். கொடியை வாங்கிய மருமகளுக்கு ஒரு கை அகலத்தில், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு வெறுங்கையோடு நின்ற தாயாரை நான் கவனித்திருக்க வேண்டும். விதிப்படி கொடி மனைவிக்குரியது. அதில் அதிகாரியின் பிழை ஏதும் இல்லை. தாயாரின் கையில் ஒரு மெழுகுவர்த்தியையாவது கொடுத்து முன்னே நிறுத்தியிருக்க வேண்டியது பங்கின் வேலை. அது எங்களுக்குத் தோன்றவில்லை. பிறகு வந்த சண்டையின் விதை அந்தக் கல்லறைத் தோட்டத்திலேயே விழுந்துவிட்டது என்பது என் எண்ணம்.

"சண்டையில் சாகவில்லையாமே"

ஏழாம் நாள் பூசைக்கு வந்திருந்த ஒருவர், கெட்ட எண்ணம் ஏதுமின்றி, கோயில் வாசலில் இந்தக் கேள்வியைக் கேட்டார். அது மனைவியின் காதில் விழுந்தது. அதன் பிறகு அவர் பல வாரங்கள் தெருவில் இறங்கவில்லை.

எங்கள் மாவட்டத்துக்கு வீரமரணம் என்றால் என்னவென்று தெரியும். 2020 ஜூன் 15 அன்று கல்வான் பள்ளத்தாக்கில் சீனப் படையினருடன் ஏற்பட்ட மோதலில் உயிரிழந்த ஹவில்தார் கே. பழனி, திருவாடானை வட்டம் கடுக்கலூரைச் சேர்ந்தவர். அவருக்கு 2021-இல் வீர் சக்ரா விருது அறிவிக்கப்பட்டது. அந்தப் பெயரை மாவட்டமே நெஞ்சில் வைத்திருக்கிறது, வைத்திருக்கவும் வேண்டும். ஆனால் எல்லையில் பணியாற்றும் ஒருவரின் உயிர் எதிரியின் கையால் மட்டும் போவதில்லை. பனிச்சரிவு, மூச்சுத் திணறும் உயரம், மழையில் கரையும் மலைச்சாலை, நீண்ட காவலில் நின்றுபோகும் இதயம் ஆகியவற்றுக்கும் ஆட்கள் பலியாகிறார்கள். அவரை அந்தச் சாலையில் போகச் சொன்னதும் அதே கடமைதான்.

அரசு இந்தச் சாவுகளை வகைப்படுத்தியே ஆக வேண்டும், ஏனெனில் ஓய்வூதியம் அந்த வகையைப் பொறுத்தது. 'தியாகி' என்ற சொல்லை அலுவலகப் பதிவேட்டில் தேடிப் பயனில்லை; போர்ச் செயல்பாட்டில் ஏற்பட்ட இழப்பு, அதற்கு வெளியே ஏற்பட்ட இழப்பு என்று இரண்டு தலைப்புகளே அங்கே இருக்கின்றன. முதல் வகைக்கு உட்பட்டவரின் குடும்பத்துக்கு, அவர் கடைசியாகப் பெற்ற கணக்கிடத்தக்க ஊதியத்துக்குச் சமமான தொகை தாராளமயக் குடும்ப ஓய்வூதியமாகக் கிடைக்கும். பணியே சாவுக்குக் காரணம் என்று ஏற்கப்பட்ட மற்ற இழப்புகளில் அந்த ஊதியத்தின் 60 விழுக்காடு சிறப்புக் குடும்ப ஓய்வூதியமாகும். பணிக்குத் தொடர்பில்லை என்று முடிவானால் சாதாரணக் குடும்ப ஓய்வூதியம்தான். அதன் இயல்பான அளவு 30 விழுக்காடு. இதற்கு அப்பால், 2016 முதல் நடைமுறைக்கு வந்த கருணைத் தொகை, பணியின்போது நேரும் விபத்துச் சாவுக்கு 25 லட்சம் ரூபாய், எல்லை மோதல்களிலும் குறிப்பிட்ட உயர் மலைப் பகுதிகளில் கடும் வானிலையாலும் நேரும் சாவுக்கு 35 லட்சம், போரில் எதிரியின் தாக்குதலால் நேரும் சாவுக்கு 45 லட்சம் என்று வேறுபடுகிறது. இவர் விஷயத்தில் விசாரணை மன்றம் கூடி, வண்டி பணிநிமித்தமே சென்றது என்று பதிவு செய்த பிறகே 60 விழுக்காடு உறுதியானது. அதற்கு மாதங்கள் பிடித்தன.

இந்தக் கணக்கை நான் குறை சொல்லவில்லை. அதைப் போட்டவர்களில் நானும் ஒருவன். அலுவலகத்தின் அளவுகோலைக் கோயிலும் கையில் எடுத்துக்கொள்வதைத்தான் ஏற்க முடியவில்லை. பங்குத்தந்தை இதைப் புரிந்துகொண்டு முப்பதாம் நாள் மறையுரையில் ஒரு தெளிவை வைத்தார். எங்கள் மாவட்டத்தின் ஓரியூரில் 1693 பிப்ரவரி 4 அன்று தலை வெட்டப்பட்ட புனித அருளானந்தரை மறைசாட்சி என்கிறோம்; அந்தச் சொல் விசுவாசத்துக்காக உயிர் கொடுத்தவருக்கு உரியது, அதை எல்லாச் சாவுக்கும் நீட்டினால் சொல்லின் பொருள் கெடும். இறந்த படைவீரரை மறைசாட்சி என்று சொல்லாததனால் அவருடைய மதிப்பு குறைந்துவிடாது. நற்கருணை வாங்குமுன் பூசைதோறும் நாம் சொல்லும் "ஆண்டவரே, நீர் என் இல்லத்தில் எழுந்தருள நான் தகுதியற்றவன்" என்ற ஜெபம், கப்பர்நாகூமில் தன் ஊழியனுக்காக மன்றாடிய ஒரு நூற்றுவர் தலைவனின் வாயிலிருந்து வந்தது; ஒரு படைவீரனின் வார்த்தையைச் சொல்லாமல் திருச்சபை நற்கருணைக்கு அருகில் போவதே இல்லை. அவர் இதைச் சொன்னபோது, தூணோரம் குனிந்தே உட்கார்ந்திருந்த மனைவி தலையை நிமிர்த்தினார்.

பெயரும் காகிதமும்

கிறிஸ்தவக் குடும்பங்களில் இது பரவலாக நேர்வது என்பதால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். மனைவிக்குத் திருமுழுக்கில் வைத்த பெயர் ஒரு புனிதையின் பெயரோடு சேர்ந்த நீண்ட பெயர். பள்ளியில் சேர்த்தபோது அதன் பின்பாதி மட்டும் பதிவானது. திருமணப் பதிவேட்டில் திருமுழுக்குப் பெயரே எழுதப்பட்டு, அந்த நகலை வைத்துக் கணவர் தம் பிரிவில், குடும்ப விவரங்களைப் பதிவில் ஏற்றும் பகுதி-2 ஆணையை வெளியிடச் செய்ததால், இராணுவப் பதிவில் நீண்ட பெயர் ஏறியது. ஆதாரில் குறுகிய பெயர், தந்தையின் தலைப்பெழுத்துடன். வங்கிக் கணக்கில் அதே பெயர், கணவரின் தலைப்பெழுத்துடன். ஆக, கணினியைப் பொறுத்தவரை மூன்று பெண்கள் ஒரு வீரரின் மனைவி என்று உரிமை கோருகிறார்கள். ஓய்வூதியம் இப்போது 'ஸ்பர்ஷ்' என்ற இணைய ஏற்பாட்டின் வழியாக வழங்கப்படுவதால், பழைய காலம் போல ஒரு நல்ல எழுத்தர் பார்த்து 'இவர்தான் அவர்' என்று கையெழுத்திட்டு நகர்த்திவிட முடியாது.

கணவர் இருந்திருந்தால் ஒரு கடிதத்தில் சரிசெய்திருக்கலாம். அவர் இல்லாத நிலையில், இரு பங்குகளிலிருந்தும் திருமுழுக்கு, திருமணப் பதிவேடுகளின் நகல்கள், மூன்று பெயரும் ஒருவருடையவையே என்ற உறுதிமொழிப் பத்திரம், வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றிதழ் எல்லாவற்றையும் திரட்டி, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் வழியாக அனுப்பினோம். அந்த அலுவலகத்துக்குப் பதினொரு முறை போனோம். முதல் மூன்று முறை மனைவி தனியாகப் போனார். வேறொரு அலுவலகத்தில் (பெயர் சொல்ல விரும்பவில்லை) ஒருவர் அவரிடம் "உன் பேரே உனக்குத் தெரியாதாம்மா?" என்று கேட்டிருக்கிறார். அதன் பிறகு அவர் ஒருநாளும் தனியாகப் போக வேண்டியிருக்கவில்லை. பங்கிலுள்ள சிறு ஜெபக் குழுவான அன்பியத்துப் பெண்களில் ஒருவர் எப்போதும் உடன் போனார். காத்திருக்கும் வரிசையில் பக்கத்தில் ஓர் ஆள் இருப்பது எவ்வளவு பெரிய உதவி என்பதை, அங்கே தனியாக நின்றவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

இதிலிருந்து எங்கள் பங்கில் ஒரு வழக்கம் பிறந்தது. கிறிஸ்துமஸ் விடுப்பில் வரும் படைவீரர்களிடம், பதிவேட்டில் மனைவியின் பெயர் எப்படி இருக்கிறது, சேமநல நிதிக்கும் குழுக் காப்பீட்டுக்கும் யாரை நியமித்திருக்கிறார்கள் என்று உட்கார்ந்து பார்க்கிறோம். பண்டிகை நேரத்தில் சாவைப் பற்றிப் பேசுவதா என்று முதலில் சிலர் முகம் சுளித்தார்கள். இப்போது அவர்களே காகிதங்களை எடுத்துக்கொண்டு வருகிறார்கள்.

தாயாரும் மருமகளும்

கருணைத் தொகை வந்ததும் வீடு இரண்டானது. வாரிசுச் சான்றிதழில் பெற்றோரின் பெயரும் இருந்ததால் தமக்கும் பங்கு உண்டு என்று தாயார் நம்பினார். பக்கத்துத் தெருவில் ஓர் இந்துக் குடும்பத்தில், இறந்த மகனின் சொத்தில் தாய்க்குப் பங்கு கிடைத்ததை அவர் பார்த்திருக்கிறார். 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் தாய் முதல் நிலை வாரிசு என்பது உண்மை. கிறிஸ்தவர்களுக்குப் பொருந்துவதோ 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம். உயில் எழுதாமல் இறந்தவரின் சொத்தில் அதன்படி மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு பங்கு. பிள்ளைகள் இருக்கும்போது பெற்றோருக்கு ஒன்றும் இல்லை. குடும்ப ஓய்வூதியம் சொத்துப் பிரிவினைக்குள்ளேயே வராது, அது விதிப்படி மனைவிக்குப் போகிறது. நாள் முழுவதும் கடலில் மூழ்கி மகனை வளர்த்த தாய்க்கு எங்கள் சட்டம் வைத்திருப்பது இதுதான் என்று அவரிடம் சொல்ல வேண்டிய வேலை எனக்கு வந்தது. நான் செய்த வேலைகளிலேயே கடினமானது அது.

இதே வேளையில் பங்கும் தவறியது. இறந்தவரின் பெயரில் கோயிலுக்கு ஒரு வளைவு கட்டலாம், அதற்கு ஐந்து லட்சம் குடும்பம் கொடுக்கட்டும் என்று பேரவையில் சிலர் நல்லெண்ணத்தோடு முன்மொழிந்தார்கள். துயரத்தில் இருக்கும் ஒருவர் கோயில் கேட்டால் மறுக்க மாட்டார். ஆகவே கேட்கக் கூடாது என்று நான் எதிர்த்தேன், வாக்குவாதம் முற்றியது. ஆதித் திருச்சபையில் அன்றாட உணவுப் பங்கீட்டில் கைம்பெண்கள் கவனிக்கப்படவில்லை என்ற முறையீடு எழுந்தபோது திருத்தூதர்கள் எழுவரைத் தேர்ந்தெடுத்து அந்த வேலைக்கென்றே நியமித்தார்கள் என்பது திருத்தூதர் பணிகள் ஆறாம் அதிகாரத்தில் இருக்கிறது. கைம்பெண்ணுக்குக் கொடுக்க ஆள் போட்ட திருச்சபை அவரிடமிருந்து வாங்க ஆள் அனுப்பலாமா என்று பங்குத்தந்தை கேட்டதும் பேச்சு அடங்கியது. ஒரு கைம்பெண்ணின் வைப்புத் தொகையில் எந்தத் திருச்சபை அமைப்புக்கும் வேலை இல்லை என்பதை எழுத்தில் வைத்தோம்.

மூன்றாம் மாதம் பெட்டி வந்தது. பணியில் இறந்தவரின் உடைமைகளை ஒரு குழு சரிபார்த்துப் பட்டியலிட்டு வீட்டுக்கு அனுப்பும். அப்படி வந்த கறுப்பு டிரங்குப் பெட்டி. மூடியில் அவருடைய எண்ணும் பெயரும் வெள்ளைப் பெயிண்டில், அவரே எழுதியது போலக் கொஞ்சம் சாய்ந்து இருந்தன. பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்க வேண்டியிருந்ததால் நான் போயிருந்தேன். திண்ணையில் ஒரு பக்கம் தாயார், மறுபக்கம் மனைவி. நான் பட்டியலைத் தமிழில் வாசிக்க வாசிக்க மனைவி ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தார். கம்பளிச் சட்டை, இரண்டு. சவரப் பெட்டி, ஒன்று. புகைப்படம், நான்கு. மணிமாலை, பிளாஸ்டிக், ஒன்று. அது ஜெபமாலை, எழுத்தருக்கு அதன் பெயர் தெரியவில்லை. அடுத்த வரி: மண், சிவப்பு, பொட்டலம் ஒன்று.

மனைவிக்கு அது என்னவென்று விளங்கவில்லை. செய்தித்தாளில் சுற்றி நூல் கட்டி, அதன் மேல் பிளாஸ்டிக் உறை போட்டிருந்தது. தாயார் எழுந்து வந்து அதை வாங்கிக்கொண்டார். அருளானந்தரின் இரத்தம் பட்டுச் சிவந்ததாக மக்கள் நம்பும் ஓரியூர் மணல் அது. மகன் முதன்முதலில் பயிற்சிக்குப் புறப்பட்டபோது ஓரியூருக்கு நடந்தே போய், அள்ளிவந்து, அவர் சட்டைப் பையில் திணித்தவர் அவர்தான். பதினோரு ஆண்டுகள், எத்தனையோ இடமாற்றங்கள், அத்தனையிலும் அந்தப் பொட்டலம் கூடவே போயிருக்கிறது. அவிழ்த்த நூலே இல்லை, தாயார் கட்டிய முடிச்சு அப்படியே இருந்தது. "எங்கிட்ட இதப் பத்தி அவுக சொன்னதே இல்ல மாமி" என்று மருமகள் சொன்னார். "ஆம்பளப் புள்ள சொல்லுவானாத்தா" என்றார் தாயார். வேறெதுவும் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் அன்றிரவு உலை ஒன்றாகத்தான் வைத்தார்கள் என்று பிறகு அறிந்தேன்.

அந்த ஒரு மாலையால் எல்லாம் தீர்ந்துவிட்டதாக எழுத மாட்டேன். அதற்குப் பிறகும் வார்த்தைகள் வெடித்தன. இரண்டு மாதம் மருமகள் பிறந்த வீட்டில் இருந்தார். கடைசியில் பங்குத்தந்தை, மருமகளின் தந்தை, நான் மூவரும் இருக்க, ஓய்வூதியத்தில் ஐந்தில் ஒரு பங்கை மாதந்தோறும் மாமனார் மாமியாரின் கணக்குக்கு அனுப்புவதாக மருமகளே முன்வந்து எழுதிக்கொடுத்தார். வற்புறுத்தினோமா என்று என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். சட்டப்படி இது அவருடைய கடமை அன்று என்பதையும், எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்பதையும், தாளில் முதல் வரியாக எழுதிய பிறகே கையெழுத்து வாங்கினோம். மகளின் பங்கு பதினெட்டு வயது வரை தொட முடியாத வைப்பில் இருக்கிறது.

வாயை மூடிக்கொண்டு செய்த ஆறுதல்

முதல் வாரங்களில் அந்த வீட்டுக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் சொன்னது ஒன்றே: "ஆண்டவருடைய சித்தம்." நம்பிக்கையோடு சொன்ன சொல்தான். ஆனால் நாற்பதாவது முறையாக அதைக் கேட்டபோது மனைவி, "அந்தச் சித்தம் ஒங்க வீட்டுக்கு வந்தா இப்படிச் சொல்லுவீகளா" என்று கேட்டுவிட்டார். பிறகு பல மாதம் பூசைக்கு வரவில்லை. யோபுவின் நண்பர்கள் மூவரும் செய்த நல்ல காரியம், வாய் திறக்குமுன் ஏழு பகலும் ஏழு இரவும் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்ததுதான். அவர்கள் பேசத் தொடங்கிய பிறகே எல்லாம் கெட்டது. அன்பியத்துப் பெண்கள் இதைத் தங்களுக்குள் பேசி ஒரு முறை வகுத்துக்கொண்டார்கள். முப்பதாம் நாளோடு உறவினர் கூட்டம் கலைந்துவிடும் என்பதால், முப்பத்தோராம் நாளிலிருந்து இவர்கள் தொடங்கினார்கள். வாரத்தில் இரண்டு பேர் போவது, ஒருவர் மகளைப் பள்ளிக்கு அழைத்துப் போவது, ஏன் கோயிலுக்கு வரவில்லை என்று கேட்காமல் இருப்பது, அவராகக் கேட்டால் மட்டும் ஜெபமாலை சொல்வது. கணவரை இழந்த ஓர் அக்காள் நாற்பது இரவு அந்த வீட்டிலேயே படுத்துக்கொண்டார். இறந்தவரின் குரல் பதிவுகளை நள்ளிரவில் போட்டுப் போட்டு மனைவி கேட்டதையும், கைப்பேசி கெட்டுப்போனால் என்ன செய்வது என்று நடுங்கியதையும் கண்டு, மறுநாளே அவற்றை வேறு இரண்டு இடங்களில் பதிந்துவைக்க ஏற்பாடு செய்தவரும் அந்த அக்காள்தான்.

படைப்பிரிவின் மதபோதகரும் மறக்க முடியாதவர். இராணுவத்தில் பண்டிதர், மௌல்வி, கிரந்தி, பாதிரியார் ஆகியோர் இளநிலை அதிகாரிகளாகப் பணியாற்றுகிறார்கள். இவர்களில் பாதிரியாரான ஒருவர், இறந்தவர் ஞாயிறுதோறும் உட்கார்ந்த இடம் எது, எந்தப் பாட்டைக் கேட்டு வாங்கிப் பாடுவார் என்பதையெல்லாம் ஆங்கிலத்தில் சொல்ல, நான் தமிழில் திருப்பிச் சொன்னேன். தம் கணவர் அங்கே எப்படி வாழ்ந்தார் என்று மனைவி கேட்டறிந்த ஒரே சாட்சி அதுதான்.

நவம்பர் 2

இறந்த விசுவாசிகள் அனைவரின் நினைவு நாளான நவம்பர் 2 எங்கள் கரையில் கல்லறைத் திருநாள். ஊரே கல்லறைத் தோட்டத்தில் மெழுகுவர்த்தியோடும் சாமந்தியோடும் நிற்கும். முதல் ஆண்டு நவம்பரில், பங்கைச் சேர்ந்த மறைந்த படைவீரர்களின் பெயர்களைத் தனியாக வாசித்து ஜெபிப்பது என்று முடிவு செய்தோம். மக்கபேயர் இரண்டாம் நூல் பன்னிரண்டாம் அதிகாரத்தில், போரில் மாண்ட தம் வீரர்களுக்காகப் படைத்தலைவர் யூதா மக்கபே இரண்டாயிரம் வெள்ளிக்காசு திரட்டி எருசலேமுக்கு அனுப்பி மன்றாடச் செய்ததைப் பார்க்கிறோம்; அந்த வீரர்கள் குற்றமற்றவர்கள் அல்லர், அவர்களின் உள்ளாடைக்குள் விலக்கப்பட்ட சிலைச் சின்னங்கள் இருந்தன, ஆனாலும் அவர் அவர்களை விட்டுவிடவில்லை. பக்கத்திலுள்ள தென்னிந்தியத் திருச்சபையின் சபையாரும் வர விரும்பினார்கள். அவர்கள் இறந்தோருக்காக ஜெபிப்பதில்லை. மக்கபேயர் நூலும் அவர்களுடைய வேதாகமத்தில் இல்லை. ஆகவே கல்லறை வழிபாட்டை நாங்கள் முடித்த பிறகு, இறந்தவர்களின் வாழ்வுக்காக நன்றி கூறும் பகுதியை அவர்களின் போதகர் நடத்தினார். பட்டியலில் நான்கு பெயர்கள். மெழுகுவர்த்தியைத் தாயார் ஏந்தினார். கொடியை மனைவி கொண்டுவந்திருந்தார். பல மாதத்துக்குப் பின் அவர் வந்த முதல் வழிபாடு அது.

அன்று கூட்டம் கலைந்த பிறகு, பக்கத்துக் குடியிருப்பைச் சேர்ந்த ஓர் அம்மா வேலியோரம் நின்றுகொண்டிருந்தார். அவருடைய மகனும் படையில் இருந்தவர். முகாமிலேயே தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டவர். அவருக்குத் துப்பாக்கி மரியாதை நடக்கவில்லை, கொடி வரவில்லை, ஊரில் யாரும் அவர் பெயரை உரக்கச் சொல்வதும் இல்லை. "எம்மவன் பேரையும் வாசிப்பீகளா, இல்ல அதுக்கும் ஏதாச்சும் சட்டம் இருக்கா?" என்று அவர் என்னிடம் கேட்டார். நான் பங்குத்தந்தையைப் பார்த்தேன். தம் உயிரை மாய்த்துக்கொண்டவர்களின் மீட்பைப் பற்றி நாம் நம்பிக்கை இழக்கக் கூடாது, அவர்களுக்காகத் திருச்சபை ஜெபிக்கிறது என்பதுதான் நம் போதனை, வாசிக்க ஒரு தடையும் இல்லை அம்மா என்று அவர் சொன்னார்.

அடுத்த ஆண்டு ஐந்தாவது பெயர் வாசிக்கப்பட்டது. அந்த அம்மாவைத் தேடிப் போய்க் கையைப் பிடித்து முன்வரிசைக்குக் கூட்டிவந்தவர், இந்த ஆய்வில் வரும் மனைவி. காற்றில் இருவருடைய மெழுகுவர்த்திகளும் அணைந்து அணைந்து போயின. மகள்தான் ஓடி ஓடித் தீப்பெட்டி கொண்டுவந்து கொடுத்தாள்.